கழகத்தின் கேனில் பெருக்கல் குறி

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் என் கேன் மேல் இரண்டு முறை பெருக்கல் குறி விழுந்திருக்கிறது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது வந்து உங்களிடம் சொல்லிவிடுவார்கள். ஒதியம்பட்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் எந்த ரகசியமும் ஒரு வேளைக்கு மேல் தாங்காது.

விஷயம் இதுதான். காலை ஐந்தரைக்கும் சாயங்காலம் நாலரைக்கும் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போக வேண்டும். அங்கே ஜெயசீலி உட்கார்ந்திருப்பாள். நம் கேனிலிருந்து கொஞ்சம் பாலை ஒரு நீளக் குவளையில் ஊற்றி அதில் பால்மானியை மிதக்கவிடுவாள். அது ஒரு கண்ணாடிக் குழாய். கழுத்தில் எண்கள் இருக்கும். இருபத்தெட்டில் நின்றால் அது பால். அதற்குக் கீழே வந்தால், விடியற்காலையில் குழாயடியில் நாம் என்ன செய்தோம் என்பது வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஜெயசீலி திட்ட மாட்டாள். சாக்பீஸை எடுத்துக் கேன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, "அடுத்த ஆளு" என்பாள். பாலோடு அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு மாதா தெரு முழுக்க நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். குறியை நாம் துடைக்கக் கூடாது. மறுநாள் நல்ல பால் கொண்டுபோனால் அவளே ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். போட்டவர்தான் அழிக்க வேண்டும், எங்கள் பக்கத்துச் சொசைட்டிகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். இதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம்.

ஜெயசீலிக்கு நாற்பத்திரண்டு வயது. பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். டவுன் கல்லூரியில் இடமும் கிடைத்தது. சேர வேண்டிய வாரத்தில் அவள் அப்பா மரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார். ஒரு மாதம் மட்டும் சொசைட்டியில் உட்காரு என்றார்கள். உட்கார்ந்தாள். பதவியின் பெயர் தற்காலிகப் பால் பரிசோதகர். "எனக்கு மட்டும் அந்த ஒரு மாசம் இன்னும் முடியலண்ணா" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அப்போது இருபத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

இந்த நிலையில்தான் டவுனிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பால் சொசைட்டிகளுக்கும் மேலே, ஊரகப் பால் தர மேன்மைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று கேட்கக் கூடாது. மேலே இருக்கிறது, அவ்வளவுதான். சொசைட்டிச் செயலாளர் விஜயராஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பாலைப் பரிசோதிக்கும் அனைவரும் மூன்று ஆண்டுகளுக்குள் 'இளநிலைப் பால் தர மேலாண்மை' என்ற பட்டத்தைப் பெற வேண்டும். பெறாதவர்கள் பாலைத் தொடத் தகுதியற்றவர்கள். படிப்பு தொலைநிலைக் கல்வி, வகுப்பு ஞாயிற்றுக்கிழமை.

ஜெயசீலியின் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

"நான் படிக்கறேங்க. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

"அவசரப்படாத. மூணு படிவம் இருக்குது" என்றார் விஜயராஜ்.

அ படிவம் படிக்க விரும்புவோருக்கு. அதோடு தடையின்மைச் சான்று இணைக்க வேண்டும். தடையின்மைச் சான்று நிரந்தர ஊழியருக்கு மட்டுமே தரப்படும். ஆ படிவம் படிக்க விரும்பாதோருக்கு. அதன் பின்பக்கத்தில் ராஜினாமாக் கடிதம் அச்சடித்தே இருந்தது. பெயரை மட்டும் நிரப்பினால் போதும். இ படிவம் இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கு. அவர்களுக்கு மாதக் கடைசி வரை அவகாசம். அதற்குள் முடிவெடுக்காவிட்டால் ஆ படிவம் கொடுத்ததாகக் கருதப்படும்.

"நான்தான் முடிவெடுத்துட்டேனே. படிக்கறேன்னுதானே சொல்றேன்" என்றாள் ஜெயசீலி.

"நீ தற்காலிகம்மா. உனக்கு அ கெடயாது. இன்னும் முடிவெடுக்கலன்னு எழுதிக் குடு. அப்பதான் படிக்க வழி பொறக்கும்."

அவள் முடிவெடுக்கவில்லை என்பதற்கு ஆதார் நகலோடு ஒரு சாட்சி வேண்டுமாம். வரிசையில் முதலில் நின்றவன் நான். அப்படித்தான் இந்தக் கதைக்குள் நான் மாட்டிக்கொண்டேன்.

அவள் கணவன் டோமினிக் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவன். அதிகம் பேச மாட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ படி. ஞாயித்துக்கெழம வூட்டு வேலய நான் பாத்துக்கறேன்" என்றான். இந்த விவகாரம் முழுவதிலும் ஒரே வாக்கியத்தில் முடிவெடுத்த மனிதன் அவன் ஒருவன்தான். அதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

இ படிவம் கொடுத்தவர்களுக்காக வில்லியனூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் 'உயர்கல்வி முடிவெடுப்பு ஆலோசனை முகாம்' நடந்தது. கொம்யூன் கொம்யூனாக, அதாவது ஒன்றியம் ஒன்றியமாக, முப்பத்து நான்கு பரிசோதகர்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு சாட்சியும் வந்திருந்தோம். காலைப் பால் எடுத்த கையோடு, மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட விட்டுவிட்டு ஜெயசீலி வந்தாள். புதிதாக ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் வாங்கியிருந்தாள். நோட்டுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதி, வகுப்பு என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

கழகத்தின் துணைப் பொது மேலாளர் அரங்கநாதன் மேடையில் முந்தின நாள் மாப்பிள்ளை உட்கார்ந்த சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நண்பர்களே, நான் மூன்று பட்டங்கள் பெற்றவன். பதினோரு ஆண்டுகளாகப் பால் துறையில் இருக்கிறேன். இன்றுவரை ஒரு மாட்டைக்கூட நான் நேரில் சந்தித்ததில்லை. சந்திக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அதுதான் படிப்பின் பலம்."

கைதட்டினோம். வாசலில் சாப்பாட்டு டோக்கன் அப்போதுதான் கொடுத்திருந்தார்கள்.

"சிலர் அனுபவம் இருக்கிறது என்கிறார்கள். அனுபவம் யாருக்கு இல்லை? மாட்டுக்கும் அனுபவம் இருக்கிறது. அதை நாம் பரிசோதகராக நியமிக்கிறோமா? நானே என் அனுபவத்தில் சொல்கிறேன், அனுபவத்தை நம்பாதீர்கள். நீங்கள் சுதந்திரமாக முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் கழகம் இந்த முகாமை நடத்துகிறது. தவறான முடிவு எடுப்பவர்களின் பட்டியல் என்னிடம் வந்துவிடும்."

அடுத்து மாதிரி வகுப்பு. பாடம் எடுக்க வந்தவர் அரிகரன். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல பிள்ளை. முதல் பாடம், 'பால்: ஓர் அறிமுகம்'. திரையில் முதல் வரி வந்தது: பால் பொதுவாக வெண்மை நிறமுடையது. முப்பத்து நான்கு பேரும் குறித்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் பால்மானிக்கு வந்தார். பெட்டியிலிருந்து அதை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார்.

"சார், சார், குண்டு இருக்கற பக்கம் கீழ வரணும். ஒடஞ்சிடப் போவுது" என்று ஜெயசீலி பதறிப்போய் எழுந்து ஓடினாள்.

அரிகரன் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்களே காட்டுங்க மேடம்" என்று சாக்பீஸையும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஜெயசீலி கரும்பலகையில் படம் வரைந்தாள். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் என்ன வித்தியாசம், சூடு ஏறினால் அளவு எப்படி மாறும், கன்று போட்ட முதல் வாரத்துப் பாலை ஏன் எடுக்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் சொன்னாள். பாகூர் பக்கத்திலிருந்து வந்திருந்த பவுனம்மாள் சந்தேகம் கேட்டாள், பதில் சொன்னாள். அரிகரனும் நோட்டில் எழுதிக்கொண்டார். இருபத்து நான்கு வருஷமாக அவள் "அடுத்த ஆளு" என்பதைத் தவிர பாலைப் பற்றி வேறு எதுவும் பேசி நாங்கள் கேட்டதில்லை. இவ்வளவு தெரிந்தவளை ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று இருந்தது.

"இருக்கை எண்ணை வெச்சுத்தான் குறிக்கணும் மேடம். நீங்க இருக்கையில இல்லையே" என்று அரிகரன் சங்கடத்தோடு சொன்னார்.

"நான் அங்க நின்னு பாடம் நடத்திகினு இருந்தேனே சார்."

"பாடம் நடத்தியவர்னு எழுதணும்னா உங்களுக்குப் பட்டம் இருக்கணும்."

ஆக, அந்த ஒரு மணி நேரம் அந்த மண்டபத்தில் அவள் மாணவியாகவும் இல்லை, ஆசிரியையாகவும் இல்லை. அதற்கும் நானே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தகுதி காண் தேர்வு. இதில் தேறினால் தடையின்மைச் சான்று இல்லாமலேயே சேர்த்துக்கொள்வதாக அரங்கநாதன் அறிவித்தார். மேடையில் ஒரு பளபளப்பான கேனைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் 'தரப்பால்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"இது கழகத்தின் மாதிரிப் பால். தரம் என்றால் இதுதான். நீங்கள் ஒவ்வொருவராக வந்து பரிசோதித்துப் பார்த்து, 'தரமானது' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். சரியாக எழுதுபவர்கள் தேர்ச்சி."

முன்னால் போனவர்கள் விவரம் தெரிந்தவர்கள். பால்மானியைத் தொடாமலேயே எழுதிவிட்டு இறங்கினார்கள். பதினேழாவதாக ஜெயசீலி போனாள். குவளையில் ஊற்றினாள். பால்மானியை விட்டாள். அது இறங்கியது, இன்னும் இறங்கியது, இருபத்திரண்டில் நின்றது. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டாள். மறுபடியும் இருபத்திரண்டு. கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள், நிற்காமல் ஓடியது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. இது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? காலையில் அரிகரன் கொடுத்த சாக்பீஸ் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. கழகத்தின் கேன் மேல், சீட்டுக்குப் பக்கத்தில், பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"அடுத்த ஆளு" என்றாள்.

பவுனம்மாளும் பழக்க தோஷத்தில், "யாரு வூட்டுக் கேனுபா இது? எடுத்துகினு நவுருங்க" என்று குரல் கொடுத்தாள். எல்லோரும் அரங்கநாதனைப் பார்த்தோம்.

"அம்மா, இது கழகத்தின் பால்" என்றார் அவர்.

ஜெயசீலிக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். முகம் வெளிறிவிட்டது. ஆனால் வாய் பழைய வழியிலேயே போனது. "நாளைக்கு நல்ல பாலா எடுத்தாரச் சொல்லுங்க சார். நானே தொடச்சிடறேன்."

அரங்கநாதன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கேனுக்குக் குனிந்தார். "தொடாதீங்க சார்!" என்று முப்பத்து மூன்று பரிசோதகர்களும் சாட்சிகளும் ஒரே குரலில் கத்தினோம். அவர் கை நின்றது. அதற்குள் பக்கத்திலிருந்த எழுத்தர், 'கேன் மீது குறி ஒன்று இடப்பட்டது' என்று பதிவேட்டில் ஏற்றிவிட்டார். பதிவேட்டில் ஏறிவிட்டால் அது ஆவணம். ஆவணத்தை, உண்டாக்கியவரைத் தவிர வேறு யாரும் அழித்தால் குற்றம். கழகத்தின் சட்டமும் எங்கள் பக்கத்து வழக்கமும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

ஆவணம் அதை உண்டாக்கியவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதும் விதியாம். அதனால் கழகத்தின் ஜீப்பே கேனை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தது. பின்னால் கதவு இல்லாத ஜீப். வழியெல்லாம் ஜனங்கள் பெருக்கல் குறியைப் பார்த்தார்கள். மாதா தெருவில் ஜீப் மெதுவாகத்தான் போக முடியும். நான் இரண்டு முறை நடந்த தெரு அது. அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரிப்பு பத்து நாள்தான் தாங்கியது. பதினோராம் நாள் கடிதம் வந்தது. வாசிக்க ஆரம்பித்த விஜயராஜ் பாதியில் தண்ணீர் கேட்டார்.

கழகத்தின் தரப்பாலில் தரம் குறைவு என்ற புகார் விசாரிக்கப்படும். அப்படிச் சொல்லும் தகுதி பால் தர மேலாண்மையில் பட்டம் பெற்றவருக்கே உண்டு. படிப்பு புதிது என்பதால் அப்படி ஒருவர் இன்னும் எங்கும் இல்லை. ஆகவே முதல் அணி பட்டம் பெற்ற பிறகு விசாரணை தொடங்கும். விசாரணை முடியும்வரை திருமதி ஜெயசீலியின் தேர்வு முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது. ஆகவே அவர் முதல் அணியில் சேர இயலாது. மூன்று ஆண்டுகளுக்குள் பட்டம் பெறாவிட்டால் அவர் பாலைத் தொட இயலாது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் முடிவெடுக்காவிட்டால் ஆ படிவம் கொடுத்ததாகக் கருதப்படும். மாறாக, தாம் இட்ட குறியைத் தம் கையாலேயே அழித்து, 'தரமானது' என்று எழுதிக் கொடுத்தால் புகார் கைவிடப்பட்டு உடனடியாகச் சேர்க்கை வழங்கப்படும்.

முப்பத்தொன்றாம் தேதி காலை அரங்கநாதனே நேரில் வந்தார். அந்தக் கேன் சொசைட்டி மூலையில் மூன்று வாரமாக இருந்தது. விசாரணை முடியும்வரை உள்ளே இருப்பதைக் கொட்டக் கூடாது என்று உத்தரவு. நாற்றம் தாங்காமல் பால் ஊற்ற வந்தவர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றோம். அரங்கநாதன் மட்டும் கட்டவில்லை.

"கழகத்தின் பால் கெட்டாலும் தரமாகத்தான் கெடும்" என்று சொல்லிவிட்டு ஜெயசீலிக்கு எதிரே உட்கார்ந்தார். "அம்மா, உங்கள் திறமையை நான் மதிக்கிறேன். அதனால்தான் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறேன். உண்மையைச் சொல்லட்டுமா? அந்தக் கேனில் தண்ணீர் இருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்வது என் வேலை இல்லை. ஆனால் இருபத்திரண்டு தரமில்லை என்று நீங்கள் சொன்னால், நாங்கள் இதுவரை கையெழுத்திட்டதெல்லாம் என்ன ஆவது? ஒரு கோடு. இல்லை, இரண்டு கோடு. துடைத்துவிடுங்கள். படியுங்கள்."

ஊர் முழுக்க அங்கே இருந்தது. எல்லோரும் பேசினார்கள். விஜயராஜ், "பொழைக்கற வழியப் பாரும்மா" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. "இன்னாத்துக்கு ரோசன? தொடச்சிட்டுப் போய்ப் படி. உன் தலையெழுத்து ஒரு சாக்பீஸு கோட்டுலயா இருக்குது?" என்றேன். ஈரத்துணியை எடுத்து அவள் கையில் கொடுத்ததும் நான்தான். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தேன். அதை இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் துணியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் இத அழிச்சா, நீங்க ரெண்டு தபா தெருவுல சுமந்துகினு போனீங்களே, அது இன்னாத்துக்குண்ணா?"

"அதெல்லாம் நான் மறந்துட்டேன்மா."

"நான் மறக்கல. ரெண்டு தபாவும் போட்டுட்டு வூட்டுக்குப் போய் சோறு எறங்கல எனக்கு." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "எனக்குப் படிக்கணும்ணா. அதான் கஷ்டமே. படிப்பு வேணாம்னு இருந்திருந்தா, இவருகிட்ட ஆ படிவத்த வாங்கி ஒரே நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். படிக்கணும்னு ஆச வெச்சதாலதான் மாட்டிகினு இருக்கேன்."

டோமினிக் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான். அவனுக்கு அன்று காலை ஷிப்டு.

ஜெயசீலி எழுந்து மூலைக்குப் போனாள். பெருக்கல் குறியைத் துடைத்தாள். நன்றாகக் காய்ந்திருந்ததால் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. பிறகு உட்கார்ந்து 'தரமானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரங்கநாதன் சேர்க்கைக் கடிதத்தை நீட்ட, எழுத்தர் போட்டோ எடுத்தார். அது கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் போனதாம். 'நாற்பத்திரண்டு வயதில் கல்விக் கனவு நனவானது' என்று போட்டிருந்தார்களாம்.

மறுநாள் காலை நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பால் கறந்து முடித்து, குழாயடியில் நின்று, ஒரு சொம்பு தண்ணீரைக் கேனில் ஊற்றினேன். ஆசையால் என்று சொன்னாலும் சரி, சோதித்துப் பார்க்க என்று சொன்னாலும் சரி, எனக்கே இன்னும் தெளிவாகவில்லை. எனக்குப் பின்னால் குழாயடிக்குக் கூட்டம் வந்ததை மட்டும் பார்த்தேன். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஜெயசீலி வழக்கம்போல உட்கார்ந்திருந்தாள். மேசையில் அட்டை போட்ட அந்த நோட்டு இருந்தது. வகுப்பு என்ற இடத்தில் இப்போது 'முதலாம் ஆண்டு' என்று எழுதியிருந்தாள். என் பாலைக் குவளையில் ஊற்றினாள். பால்மானியை விட்டாள். அது இறங்கி இருபத்திரண்டில் நின்றது. அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு சாக்பீஸுக்காகக் காத்திருந்தேன்.

அவள் கேனைத் தூக்கி என் பாலைப் பெரிய கேனில் ஊற்றிவிட்டாள்.

"ஜெயசீலி, இருவத்திரண்டுல நிக்குது" என்றேன்.

"தெரியும்ண்ணா."

"நான் ஒரு சொம்பு ஊத்திட்டேன்."

"அதுவும் தெரியும்."

மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து அவள் கையில் வைத்தேன். "போடும்மா. நான் தூக்கிகினு போறேன்."

அவள் அதைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தாள். "குறி போட எனக்குத் தகுதி இல்லண்ணா. மூணு வருஷம் ஆவும்" என்றாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்து, "அடுத்த ஆளு" என்றாள்.

காலிக் கேனோடு மாதா தெருவில் நடந்தேன். அதன் மேல் ஒரு கோடுகூட இல்லை. தெருவில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.